மேண்டில், கட்டை, போக்கஸ்... மேடை வெளிச்சத்துக்குப் பின்னால் ஒரு பீங்கான் கதை!

‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தின் பெட்ரோமாக்ஸ் காமெடி தெரியாத தமிழர்கள் ரொம்பவே குறைவு. படம் வந்தது 1984-ல். வாடகைக்கு விளக்கு விடும் கவுண்டமணியிடம், அது எப்படி எரிகிறது என்று அப்பாவியாகச் சந்தேகம் கேட்கும் செந்தில், உள்ளே தொங்கும் மேண்டிலைத் தொட்டுப் பொடியாக்கிவிடுவார். படம் வந்தபோது பிறக்காத பிள்ளைகள்கூட இன்று அதை மீம்ஸ் போட்டுக் கொண்டாடுகிறார்கள்.

சிரித்து முடித்த பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வலைத் துணி மாதிரி இருக்கும் மேண்டில், விரல் பட்டதும் ஏன் அப்படி உதிர்கிறது?

கடையில் வாங்கும்போது அது துணிதான். தோரியம், சீரியம் என்ற இரண்டு உலோகங்களின் உப்பில் ஊறவைத்துக் காயவைத்த குட்டிப் பை. முதல்முறை கொளுத்தும்போது நூல் மொத்தமும் எரிந்துபோகும். நூலில் ஊறியிருந்த உப்புகள் மட்டும் ஆக்சைடாக மாறி, பின்னல் இருந்த அதே வடிவத்தில் அப்படியே நின்றுவிடும். ஆக, எரிகிற மேண்டில் என்பது காகிதத்தைவிட மெலிதான செராமிக் வலை. நம் வீட்டு டீ கப்புக்கு ஒன்றுவிட்ட சொந்தம். தொட்டால் உதிராமல் என்ன செய்யும்?

செராமிக் என்றதும் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவுக்கு வரும் ஊர் விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும் எவ்வளவு பிரபலமோ, அவ்வளவு பிரபலம் அந்த ஊர்ப் பீங்கான். (‘வைதேகி காத்திருந்தாள்’ நாயகன் விஜயகாந்த்தை 2006-ல் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பிவைத்த தொகுதியும் இதேதான். பெட்ரோமாக்ஸுக்கும் விருத்தாசலத்துக்கும் இப்படியும் ஒரு தொடர்பு!)

கூத்து, நாடகம், பள்ளி ஆண்டு விழா என்று நாம் ரசித்த எல்லா மேடைகளிலும் வெளிச்சம் வந்த வழியில் எங்கோ ஓரிடத்தில், சுட்ட மண்ணோ வெந்த சுண்ணாம்போ நின்று வேலை பார்த்திருக்கிறது. லைட் போடுபவர்கள் வாயில் புழங்கும் சொற்களைக் கொஞ்சம் சுரண்டினால் அந்தக் கதை வெளியே வரும்.

எந்தக் கட்டை?

விருத்தாசலத்துக்குப் பீங்கான் வந்ததற்கு ஒரு காரணம், பக்கத்திலேயே இருக்கும் நெய்வேலி. பழுப்பு நிலக்கரி தோண்டும்போது கூடவே களிமண்ணும் கிடைத்தது. செராமிக் தொழிற்பேட்டை வந்தது. செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமா படிப்பும் வந்தது. கொலு பொம்மை, அகல் விளக்கு, ஜாடி என்று கண்ணுக்கு அழகான பொருட்கள் ஒருபக்கம். இன்னொரு பக்கம், யாரும் அழகு பார்க்காத பொருட்கள்: கம்பத்தில் மின்கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர், மெயின் போர்டில் செருகும் ஃபியூஸ் கேரியர்.

இந்த ஃபியூஸ் கேரியரை நம்மூரில் ‘பீஸ் கட்டை’ என்போம். கடைக்காரர்கள் ‘கிட்கேட்’ என்பார்கள், சாக்லேட் மாதிரி. சுமார் 1,250 டிகிரிக்கு மேல் சூளையில் வெந்து வந்த வெள்ளைக் கட்டை. அதன் உள்ளே இரண்டு பித்தளைத் துண்டுகளுக்கு நடுவே முடிபோல மெல்லிய ஒரு கம்பி. மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால் கம்பி உருகி அறுந்துவிடும். அறும்போது ‘படக்’கென்று ஒரு தீப்பொறி பறக்கும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, தானும் எரியாமல், மின்சாரத்தையும் கடத்தாமல் இருப்பதுதான் பீங்கானின் வேலை. திருவிழா மேடைக்குப் பின்னால், கீற்று மறைப்பில், ஒரு பலகையில் வரிசையாக மாட்டியிருக்கும் இந்தக் கட்டைகளைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

அதே மேடைக்கு முன்னால் இன்னொரு கட்டை இருக்கிறது. கூத்துக் கலைஞர்கள் தலையிலும் தோளிலும் மார்பிலும் கட்டுகிற மர அணிகலன்களுக்கும் ‘கட்டை’ என்றுதான் பெயர். தெருக்கூத்தைக் ‘கட்டைக்கூத்து’ என்று அழைப்பதும் அதனால்தான். எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத் தாள் ஒட்டி, சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் பதித்திருப்பார்கள். ராஜா வேஷக்காரர் கிர்ரென்று ஒரு சுற்றுச் சுற்றினால் அவர் உடம்பெங்கும் பொறி பறக்கும்.

அந்தக் கண்ணாடித் துண்டுகள் யாருக்காக? நிச்சயம் இன்றைய விளக்குகளுக்காக இல்லை. அவை பந்தத்துக்காகப் பிறந்தவை.

காஸ் இல்லாத காஸ் லைட்

மின்சாரம் வராத காலத்தில் கூத்துக்கு வெளிச்சம், எண்ணெய் ஊற்றி எரியும் தீப்பந்தம். அதை ஏந்தியவர்கள் ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் நிற்பார்கள். இன்றைய நாடகப் பள்ளிகளில் நடிகரின் பின்னாலேயே நகரும் விளக்கை ‘ஃபாலோ ஸ்பாட்’ என்று பாடமாக நடத்துகிறார்கள். பந்தம் பிடித்தவர் அந்த வேலையைத்தான் காலால் நடந்து செய்துகொண்டிருந்தார்.

தீயின் குணம் ஆடுவது. அது ஆட ஆடக் கண்ணாடித் துண்டு மினுக்கும், நிறைய நிழல் விழும், முகத்தின் சிவப்பும் மஞ்சளும் உயிரோடு அசையும். ‘அரிதாரம் பூசுவது’ என்கிறோமே, அந்த அரிதாரம் ஒரு மஞ்சள் நிறக் கனிமம். மஞ்சள் தீயில் அது பொன்னாகத் தெரியும்.

பிறகு வந்தது பெட்ரோமாக்ஸ். ஜெர்மனியின் மாக்ஸ் கிராட்ஸ் என்பவர் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கியது. பெட்ரோலியத்தில் பாதி, அவர் பெயரில் பாதி சேர்ந்ததுதான் பெட்ரோமாக்ஸ். கிராமத்தில் அதற்குப் பெயர் ‘காஸ் லைட்’. வேடிக்கை என்னவென்றால் அதற்கு காஸ் சிலிண்டரும் கிடையாது, குழாயும் கிடையாது. உள்ளே இருப்பது மண்ணெண்ணெய். பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றினால் மண்ணெண்ணெய் ஆவியாகி, மேண்டிலுக்குள் போய் எரியும். ஆவியாகி எரிவதால் காஸ் லைட் என்று ஊர் வைத்த பெயர், விஞ்ஞானப்படி தப்பும் இல்லை.

மேண்டிலைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர். 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்ற அவருடைய கலவை 1891-ல் சந்தைக்கு வந்து வெற்றிபெற்றது. தோரியத்துக்கு எங்கே போவது என்று ஐரோப்பா தேடிக்கொண்டிருந்தபோது, 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூர் கடற்கரை மணலில் மோனசைட் தாது இருப்பதைக் கண்டுபிடித்தார். எங்கே தெரியுமா? மணவாளக்குறிச்சி. இன்றைய நம் கன்னியாகுமரி மாவட்டம். வட ஆற்காட்டுக் கிராமத்தில் ஓர் இரவு அர்ச்சுனன் முகத்தில் விழுந்த வெளிச்சம், குமரிக் கடற்கரை மணலிலிருந்து ஜெர்மனிக்குப் போய்த் திரும்பி வந்ததாகவும் இருந்திருக்கலாம்.

தூணின் நிழல்

‘லைட்டிங் என்பது மேல்நாட்டுச் சரக்கு’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய மேடைக்கு அளவு சொல்கிறது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். மூன்று வகைத் திரைகளுக்கு எழினி என்று பெயர் சொல்லிப் பிரிக்கிறது. அதோடு, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாமல் வெளியே போகும்படி விளக்கு வைக்க வேண்டும் என்கிறது.

விளக்கு எத்தனை, எவ்வளவு பெரியது என்று இளங்கோ சொல்லவில்லை. நிழல் எங்கே போக வேண்டும் என்று சொல்கிறார். இன்றைக்கும் விளக்கு அமைப்பவர் மேடையில் ஏறியதும் முதலில் பார்ப்பது அதைத்தான். நடிகரின் மூக்கு நிழல் உதட்டில் விழுகிறதா, முதல் ஆள் நிழல் இரண்டாவது ஆள் மேல் ஏறுகிறதா? அமெரிக்காவின் ஸ்டான்லி மக்கான்லெஸ் 1932-ல் எழுதிய புத்தகம் உலகம் முழுக்க ஒளியமைப்புப் பாடமானது. நடிகருக்கு இடமும் வலமுமாக, 45 டிகிரி உயரத்தில் இரண்டு விளக்குகள்; ஒன்று இளஞ்சூடான நிறம், ஒன்று குளிர்ந்த நிறம் என்பது அதன் சாரம். அவர் சொன்னதும் நிழலைப் பற்றித்தான். முகத்தில் நிழலே இல்லாவிட்டால் அது தட்டையாகிவிடும், நிழல் ஜாஸ்தியானால் கண் தெரியாது.

நம் திருவிழா மேடைகளில் இப்போது நடப்பது இதற்கு நேர்மாறு. மேடைக்கு எதிரே ஒரு கம்பம். அதில் இரண்டோ நான்கோ ‘போக்கஸ்’. கண் கூசும் வெள்ளை வெளிச்சம். நிழல் எல்லாம் நடிகரின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கட்டையின் கண்ணாடித் துண்டுகளும் அசையாத வெளிச்சத்தில் வாயடைத்துப் போகும். செலவு மிச்சம், முகம் நட்டம்.

‘போக்கஸ்’ என்ற சொல்லையே கவனியுங்கள். நாடகக்காரர்களுக்கு அது ஒரு வேலை. ஏணியில் ஏறி, விளக்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, சரியான இடத்தில் வெளிச்சத்தை விழவைப்பதுதான் போக்கஸ் செய்வது. ஊரில் அது ஒரு பொருளாகிவிட்டது. திருப்பி நிறுத்தாமல் எல்லாப் பக்கமும் வெளிச்சம் கொட்டும் விளக்குக்கே போக்கஸ் என்று பெயர் வைத்துவிட்டோம்!

எலுமிச்சை அல்ல, சுண்ணாம்பு

சினிமா செய்திகளில் அடிக்கடி படிப்போம், ‘மீண்டும் லைம்லைட்டுக்கு வந்த நடிகை’ என்று. லைம் என்றதும் லெமன் ஜூஸ் ஞாபகம் வந்தால் அது உங்கள் குற்றமில்லை. ஆனால் இந்த லைம், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் தாய். ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் கலந்து எரித்து, அந்தச் சுவாலையை ஒரு சுண்ணாம்புக் கட்டி மேல் பாய்ச்சினால் கட்டி உருகாமல் கண்ணைப் பறிக்கும் வெண்மையில் ஒளிரும். 1837-ல் லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் இது மேடைக்கு வந்தது. சுவாலை ஒரே இடத்தில் பட்டால் சுண்ணாம்பு குழிந்துவிடும் என்பதால், பக்கத்திலேயே ஓர் ஆள் நின்று கட்டியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றவர் சும்மா நிற்பானேன் என்று, நாயகி போகும் பக்கமெல்லாம் விளக்கையும் திருப்பினார். நாயகிக்குப் புகழ், அவருக்குக் கை வலி.

தீயை வைத்து மேடையை ஒளியேற்றியதற்கு உலகம் கொடுத்த விலை பெரியது. 1881 டிசம்பர் 8 அன்று வியன்னாவின் ரிங் தியேட்டரில் காஸ் விளக்கிலிருந்து பற்றிய தீயில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதே மாதம் 28-ம் தேதி, லண்டன் சவாய் தியேட்டரில் அதன் உரிமையாளர் ரிச்சர்ட் டாய்லி கார்ட் மேடை ஏறி, எரிந்துகொண்டிருந்த மின்சார பல்பு ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி உடைத்துக் காட்டினார். துணி எரியவில்லை. கூட்டம் கைதட்டியது. மேடைக்கு மின்சாரம் வந்த கதை இப்படித்தான், ஒரு பயத்திலிருந்து தொடங்குகிறது.

உப்புத் தண்ணீர் ஜாடி

மின்சாரம் வந்தது சரி. வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்குவது எப்படி? சுவிட்சைப் போட்டால் பகல், எடுத்தால் இரவு என்றிருந்தால் பொழுது சாய்வதை எப்படிக் காட்டுவது?

இங்கேதான் பீங்கான் மறுபடி உள்ளே வருகிறது. ஒரு ஜாடி. அதில் உப்புத் தண்ணீர். அடியில் ஒரு உலோகத் தகடு, மேலே கயிற்றில் தொங்கும் இன்னொரு தகடு. விளக்குக்குப் போகும் மின்சாரம் இந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் போக வேண்டும். மேல் தகட்டை இறக்கி இரண்டையும் நெருங்கவைத்தால் வெளிச்சம் ஏறும். தூக்கினால் மங்கும். இதுதான் உப்புத் தண்ணீர் டிம்மர். இங்கிலாந்தில் மெருகிட்ட மண் குழாய்களில் இதைச் செய்தார்கள். நம் நாட்டு நாடகக் குழுக்களும் கைக்குக் கிடைத்த பாத்திரங்களில் ஒப்பேற்றின. தண்ணீர் சூடேறிக் குமிழி விடும், ஆவி பறக்கும், தப்பித்தவறிக் கை பட்டால் உயிர் போகும். (பிள்ளைகளே, சயன்ஸ் புராஜெக்ட் என்று இதைத் தொட வேண்டாம். ஜாடியில் ஊறுகாய் மட்டும் போதும்.)

நாடகக் கலைஞர்களின் சிக்கனம் ஜாடியோடு நிற்கவில்லை. காலி டால்டா டின்னைக் கவிழ்த்து உள்ளே பல்பைப் பொருத்தி ஸ்பாட் லைட் செய்தார்கள். இன்று எல்லாக் கச்சேரியிலும் தொங்கும் ‘பார் கேன்’ விளக்கின் பெயரிலும் அந்த டின் இருக்கிறது, கேன் என்றால் டப்பாதானே. பார் என்பது உள்ளே இருக்கும் கிண்ண வடிவக் கண்ணாடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். பார் 64 என்பார்கள். 64 என்ன வாட்டா? இல்லை. ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து எண்ணும் கணக்கு. 64-ஐ எட்டால் வகுத்தால் 8. விளக்கின் முகம் 8 அங்குலம். அவ்வளவுதான் ரகசியம்.

இந்தச் சிக்கனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பதற்கு கொல்கத்தாவின் தபஸ் சென் ஓர் உதாரணம். 1959-ன் கடைசி நாளில் மினர்வா தியேட்டரில் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகம் அரங்கேறியது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் கதை. கடைசிக் காட்சியில் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறி ஆட்கள் மூழ்குவதை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வெளிச்சத்தாலேயே காட்டினார். பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கத்தை வைத்திருக்கும் விருத்தாசலத்துக்காரர்களுக்கு அந்தக் காட்சியின் கனம் சொல்லாமலே புரியும். தமிழில் ஆர்.எஸ்.மனோகரின் ‘இலங்கேஸ்வரன்’ போன்ற நாடகங்களுக்கு ஜனங்கள் அலைமோதியதில் வசனத்துக்கு எவ்வளவு பங்கோ, தந்திரக் காட்சிகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

‘லைட்டைக் குளிர வை’

லைட் போடுபவர்களின் பேச்சு ஒரு தனி மொழி. ‘ஜெலட்டின் மாத்து’ என்றால் விளக்கின் முன்னால் செருகும் வண்ணத் தாளை மாற்று என்று அர்த்தம். ஒரு காலத்தில் அது நிஜமாகவே ஜெலட்டினால் செய்யப்பட்டது. ஈரம் பட்டால் இளகும், சூட்டில் சுருங்கும். இப்போது பாலியஸ்டர். பொருள் போய்விட்டது, பெயர் போகவில்லை. ‘ஃப்ரெனெல்’ என்ற விளக்குக்குப் பெயர் கொடுத்தவர் அகஸ்டின் ஃப்ரெனெல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. அவர் வட்ட வட்டமாகப் படிக்கட்டு வெட்டிய லென்ஸை 1820-களில் கலங்கரை விளக்கத்துக்காகச் செய்தார். கடலில் கப்பலுக்கு வழிகாட்டியது, மேடையில் ஓரம் தெரியாத மென்மையான வெளிச்சம் தருகிறது. அதற்கு எதிர்வீடு ‘புரொஃபைல்’. கத்தரித்த மாதிரி வட்டம் விழ வேண்டும் என்றால் அதுதான். அதனுள்ளே ஓட்டை போட்ட தகடு செருகினால் மேடையில் ஜன்னல் நிழல், மரத்தின் இலை நிழல் எல்லாம் விழும். அந்தத் தகட்டுக்கு ‘கோபோ’ என்று பெயர்.

இவற்றுக்கெல்லாம் தமிழ் வேண்டாமா என்று கேட்கலாம். ‘ஒளியமைப்பு’ நன்றாகவே ஒட்டிக்கொண்டது. நாடக அழைப்பிதழ்களில் அந்தச் சொல் இல்லாமல் இருப்பதில்லை. (அச்சகத்தில் ஒரு எழுத்துப் பிசகினால் லைட் போட்டவர் சவுண்ட் போட்டவராகிவிடுவார். ஒலிக்கும் ஒளிக்கும் நடுவே இருப்பது நாக்கு மடிப்பு மட்டும்தான்.) ஆனால் பிளாக் அவுட்டுக்கு ‘இருட்டடிப்பு’ என்று போட்டால் எடுபடாது. நமக்கு அது ஒரு செய்தியை அமுக்குவது. மேடையில் நடப்பதோ ஒரே நொடியில் எல்லா விளக்கும் நிற்பது.

இதைவிட சுவாரஸ்யமான விஷயம் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. பாட்டிமார்கள் ‘விளக்கை அணை’ என்று சொல்லமாட்டார்கள். ‘விளக்கைக் குளிர வை’ என்பார்கள், தானாக நின்றால் ‘மலையேறிவிட்டது’ என்பார்கள். ‘ஃபேட் அவுட்’ என்று மேடை சொல்கிறதே, வெளிச்சம் மெல்ல இறங்கி இல்லாமல் போவது, அதற்கு ‘குளிர வை’யைவிடப் பொருத்தமான சொல்லை எந்தக் கலைச்சொல் அகராதியும் தந்துவிட முடியாது என்பது என் கட்சி. லைட்காரர் மைக்கில் ‘மூணாம் நம்பரைக் குளிர வை’ என்றால் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கும்!

நாலாவது விளக்கு

இனி வருவது கணக்கு. சின்னக் கணக்குதான், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது.

1,000 வாட் பார் லைட் ஒன்று, 230 வோல்ட் மின்சாரத்தில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 15 ஆம்பியர் பீஸ் கட்டை ஒன்றில் மூன்று விளக்கு மாட்டலாம், 13 ஆம்பியர். நாலாவதை மாட்டினால் 17-ஐத் தாண்டிவிடும். இன்னும் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி உருகி அறும், மேடை இருட்டாகும், கூட்டம் விசிலடிக்கும். கட்டை தன் கடமையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த இடத்தில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது. நிகழ்ச்சி நடந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் யாராவது ஒருவர், ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடியான செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவிடுவார். விளக்கு எரியும். கட்டை இனி அறாது. அறாததால் சூடு வயரில் ஏறும். வயர் போகிற வழியில் என்ன இருக்கிறது? கீற்று, சாமியானா துணி, காகிதத் தோரணம்.

2004 ஜனவரி 23-ஐத் தமிழ்நாடு மறந்திருக்காது. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், வீடியோ விளக்குக்கான மின்வயரில் ஏற்பட்ட கசிவில் கீற்றுக் கூரை பற்றிக்கொண்டது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு சுமார் 100 வருடங்களுக்கு முன், 1903 டிசம்பர் 30 அன்று, சிகாகோவின் இராகுவா தியேட்டரில் ஆர்க் விளக்கின் பொறி மேடைத் துணியில் பட்டு 602 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் விளக்கு, துணி அல்லது கீற்று, நெரிசல்.

அதனால் உங்கள் பிள்ளையின் பள்ளி ஆண்டு விழாவோ தெருவின் கோயில் திருவிழாவோ, நிகழ்ச்சி தொடங்கும் முன் லைட் போடுபவரிடம் கூச்சப்படாமல் போய் நாலு வார்த்தை பேசுங்கள். மொத்தம் எத்தனை வாட் லோடு, எர்த் கொடுத்திருக்கிறதா, மின்கசிவு வந்தால் தானே அறுந்துவிடும் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறதா, தலைக்கு மேல் தொங்கும் விளக்குக்கு கிளாம்ப் தவிர இரண்டாவதாகச் சங்கிலி இருக்கிறதா? நல்ல ஆளாக இருந்தால் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், சந்தோஷப்படுவார். அவரிடம் யாரும் இதையெல்லாம் கேட்பதே இல்லை. ஹாலஜன் விளக்குகள் துணியிலிருந்து தள்ளி இருக்கின்றனவா என்பதை மட்டும் கேட்க வேண்டாம், நீங்களே பார்த்துவிடுங்கள். அந்தக் கண்ணாடியின் சூட்டில் சாமியானா துணி பற்றிக்கொள்ள நேரம் ஆகாது.

எல்.இ.டி. வந்த பிறகு

இப்போது பீஸ் கட்டை இருந்த இடத்தில் எம்.சி.பி. வந்துவிட்டது. அறுந்தால் கம்பி கட்ட வேண்டாம், விரலால் தட்டிவிட்டால் போதும். தடிக் கம்பி முறுக்கும் வித்தைக்கும் அதில் இடமில்லை என்பது பெரிய நிம்மதி. அதன் உடம்பு பிளாஸ்டிக். மின்சாரச் சாமான் செய்துவந்த பீங்கான் சூளைகளுக்கு இது நல்ல சேதி இல்லை. கார்த்திகை அகலும் கொலு பொம்மையும் வருடத்தில் சில மாத வியாபாரம். ஃபியூஸ் கட்டையோ வருடம் முழுக்க விற்றது.

விளக்கும் எல்.இ.டி. ஆகிவிட்டது. 1986-ல் அமெரிக்காவில் டி.எம்.எக்ஸ். 512 என்று ஒரு பொதுமொழி வகுத்தார்கள். ஒரே வயரில் 512 தடங்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை எண். விளக்குக்குக் கட்டளை அதில் போகும். 255 என்றால் முழு வெளிச்சம், 0 என்றால் இருட்டு. உப்பு ஜாடியில் கயிறு இழுத்தவர் செய்ததை இப்போது ஒரு பட்டன் செய்கிறது. கல்யாண ரிசப்ஷனில் வானத்தைக் குத்திக்கொண்டு சுழல்கிறதே ‘ஷார்பி’, அதுவும் இந்த மொழியைத்தான் கேட்கிறது.

கூத்து மேடைக்கும் எல்.இ.டி. வந்திருக்கிறது. வந்ததில் ஒரு நல்லது, சூடு இல்லை, மின்சாரமும் பத்தில் சில பங்குதான். ஒரு கெடுதல், கையில் நிறம் இருக்கிறதே என்று நொடிக்கொரு தரம் மாற்றிவிடுகிறார்கள். துரியோதனன் முகத்தில் சிவப்பு பூசியிருக்கும்போது அவர் மேல் பச்சை விளக்கைப் போட்டால் என்ன ஆகும்? சிவப்புச் சாயம் சிவப்பு ஒளியை மட்டும்தான் திருப்பி அனுப்பும். பச்சை ஒளியில் திருப்பி அனுப்ப அதனிடம் எதுவும் இல்லை. முகம் கறுத்துவிடும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிய முகத்தை ஒரு பட்டன் அழித்துவிடுகிறது. அதே எல்.இ.டி.யை மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து, பக்கவாட்டில் தாழ வைத்து, லேசாக அசையவிட்டால் பந்தத்தின் வேலையைக் கிட்டத்தட்டச் செய்துவிடும். கட்டையின் கண்ணாடித் துண்டுகளும் மறுபடி பேச ஆரம்பிக்கும். இதற்குப் புது விளக்கு வாங்க வேண்டாம். வேஷக்காரரும் லைட் போடுபவரும் மாலையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசினால் போதும்.

சக்தி வாய்ந்த எல்.இ.டி. ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். வெளிச்சம் தரும் சில்லு நெற்றிப் பொட்டைவிடச் சின்னது. அது அடியில் ஒரு வெள்ளைத் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். சில்லின் சூட்டைக் கீழே கடத்த வேண்டும், மின்சாரத்தைக் கடத்தக் கூடாது. அதற்குத் தோதான பொருள் இன்றைக்கும் செராமிக்தான், பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. விருத்தாசலத்தில் டிப்ளமா முடிக்கும் பிள்ளைகளுக்கு மின்னணுத் தொழிலில் இடம் தேடித்தரக்கூடிய வெள்ளைத் தகடு இது.

பாரதக் கூத்தில் பதினெட்டாம் போர் முடியும்போது பெரும்பாலும் விடிந்துவிடும். துரியோதனன் விழுகிற நேரத்துக்குக் கிழக்கே வெளுத்திருக்கும். லைட்காரர் போய் மெயினை இறக்கிவிடுவார். ஆட்டம் அதன்பிறகும் நடந்துகொண்டிருக்கும்.